இரண்டு ஐம்பத்திரண்டில் நின்ற நிரல்

"நிறுத்தி வச்ச நிரலுக்குள்ள நேரம் ஓடுமா டீச்சர்?"

ததேயு இப்படிக் கேட்டது சனிக்கிழமை காலையில். நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

கேட்டவருக்கு வயது ஐம்பத்தொன்று. டீச்சருக்கு முப்பத்தாறு. பெயர் மங்கையர்க்கரசி. கணினியின் அடியில் உட்கார்ந்துகொண்டு, எந்த நிரல் எப்போது ஓடணும், எப்போது நிற்கணும் என்று ஏவுகிற கெர்னல் என்ற நிரலை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர். ததேயு கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு நாற்பத்துநாலு வயதில் அவரிடம் படிக்க வந்தார். அன்றிலிருந்து அவருக்கு இவர் டீச்சர், இவருக்கு அவர் அண்ணாச்சி.

"ஓடாது அண்ணாச்சி," என்றார் டீச்சர். "நின்ன நொடியிலயே இருக்கும்."

"அப்ப அதுக்குள்ள இன்னும் செவ்வாக்கிழமை."

"ஆமா."

"மத்தியானம் ரெண்டு அம்பத்திரண்டு."

"ஆமா."

ததேயு தலையை ஆட்டிக்கொண்டார். அவர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது. வியாழக்கிழமை போட்டுவந்த அதே சட்டை. திரையில் ஒரு நிரல் நின்றபடி இருந்தது. அவர் அதை விட்டு எழுந்திருக்கவில்லை.

நாங்கள் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் போகிற படகுகளில் எங்கள் பெட்டி ஒன்று இருக்கும். அதில் ஒரு சிவப்புப் பொத்தான். படகுக்கு ஆபத்து என்றால் அமுக்க வேண்டும். செய்தி எங்கள் எந்திரத்துக்கு வரும். எந்திரத்தில் ஓடுகிற நிரல் அதை வாங்கி மீட்புப் படகுக்கும் துறைமுகத்துக்கும் தள்ளிவிடும். எந்திரம் இரண்டு. ஒன்று செத்தால் பெட்டி தானாக அடுத்ததைத் தேடிப் போகும். இதுதான் எங்கள் பெருமை. இதைச் சொல்லித்தான் ஊர் ஊராகப் பெட்டி மாட்டினோம்.

செவ்வாய்க்கிழமை ஆடிக் காற்று. சேசடிமை என்பவர் ஓட்டிப் போன படகு திரும்பவில்லை. ஆறு பேர். வியாழக்கிழமை மூன்று உடல் கிடைத்தது. சேசடிமை கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் படகிலிருந்து எந்தச் செய்தியும் துறைமுகத்துக்கு வரவில்லை. அதனால் ஊருக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது. படகோட்டி குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான், பொத்தானை அமுக்கவில்லை, அஞ்சு பேரைக் கொன்றுவிட்டான் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சேசடிமையின் அக்கா கிளாரியின் வீட்டுக் கதவில் யாரோ சாணி அடித்தார்கள்.

கிளாரி நேற்றும் வந்தார், இன்றும் வந்தார். கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவருக்கு ஒரே கேள்வி. எந்தம்பி அமுக்குனானா, இல்லியா?

"டீச்சர், இன்னொண்ணு," என்றார் ததேயு. "வெளிய இருந்து யாராவது எழுப்பினா இது எழுந்திரிக்குமா?"

டீச்சர் பக்கத்துத் திரையில் ஒரு வரி தட்டினார். ஓடு என்று நிரலுக்குச் சொல்கிற கட்டளை. நிரல் அசையவில்லை. மறுபடியும் தட்டினார். அசையவில்லை.

"சும்மா நிக்கிற நிரல்னா இந்தக் குரலுக்கு எழுந்திரிச்சிருக்கும்," என்றார். "இது நீங்க டிபக்கர் போட்டுப் பிடிச்சு நிறுத்தினது. பிடிச்சவர் விட்டாத்தான் உண்டு."

டிபக்கர் என்பது எங்கள் தொழிலில் பிழை தேடுகிற கருவி. ஓடுகிற நிரலை நடுவழியில் மடக்கி, நிறுத்தி, வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கிற நிஜ நிரலில் அதைப் போடக்கூடாது என்பது சட்டம். எல்லாரும் போடுவோம். ஒரு நிமிஷம்தானே என்று போடுவோம்.

"செவ்வாக்கிழமை எதுக்குப் பிடிச்சீங்க?"

"எடுத்த நினைவகத்த நிரல் திருப்பித் தரல டீச்சர், கொஞ்சம் கொஞ்சமா ஒழுகுது. ஒரு மாசமாத் தேடுறேன். சோதனை எந்திரத்துல வரவே மாட்டேங்குது. இதுல மட்டும்தான் வருது. சரி, ஒரு எட்டுப் பாத்துருவோம், இது நின்னா பெட்டியெல்லாம் அடுத்த எந்திரத்துக்குப் போயிடுமேன்னு..."

"காவல் நிரல் தட்டலையா?"

காவல் நிரலின் வேலை, நிமிஷத்துக்கு ஒரு தடவை மற்ற நிரலைத் தட்டி இருக்கியா என்று கேட்பது. பதில் இல்லாவிட்டால் அதைக் கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்பும்.

"தட்டுச்சு," என்றார் ததேயு.

"அந்தத் தட்டு யாருக்கு வந்துது?"

"எனக்கு."

"ஏன்?"

"பிடிச்சு வச்ச நிரலுக்கு வர்ற தட்ட, கெர்னல் முதல்ல பிடிச்சவன்கிட்டதான் குடுக்கும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"வாங்கி என்ன செஞ்சீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிரல ரெண்டு மூணு வரி நகர்த்திப் பாத்தேன். அதுக்குள்ள தட்டு வந்து திரையில நிக்குது. தொந்தரவா இருந்துது. இனிமே இதக் காட்டவும் வேண்டாம், உள்ள குடுக்கவும் வேண்டாம்னு ஒரு வரி போட்டேன்."

அந்த வரியை நானும் போட்டிருக்கிறேன். எங்களில் போடாதவர் யார்? ஈயை விரட்டுவது மாதிரி, யோசிக்காமல் போடுகிற வரி அது.

"அப்புறம்?"

"அப்புறம் அந்த ஒழுகலத் தேடினேன். அஞ்சு பத்துக்கு வீட்டுக்குக் கிளம்பிட்டேன். நாளைக்கு வந்து மிச்சத்தப் பாக்கலாம்னு இத அப்படியே நிக்க விட்டுட்டுப் போனேன்."

"எப்ப தெரிஞ்சுது?"

ததேயு திரையைத் தொட்டார். நிரலின் கையில், வாங்கி இன்னும் பிரிக்காத ஒரு செய்தி இருந்தது. சேசடிமையின் பெட்டி எண். அபாயம். நேரம் இரண்டு ஐம்பத்திரண்டு. கடலில் எந்த இடம் என்பதும் இருந்தது.

"வியாழக்கிழமை," என்றார். "புதன்கிழமை படகத் தேடுற ஓட்டத்துல இந்தப் பக்கமே வரல. உடல் வந்துச்சுன்னு கேட்டதும் வந்து உள்ள பாத்தேன். அமுக்கியிருக்கான் டீச்சர். இது வாங்குன அந்த நொடியிலதான் நான் பிடிச்சிருக்கேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு நாளாக இவருக்குத் தெரியும். இரண்டு நாளாக அந்த அம்மாள் கீழே உட்கார்ந்திருக்கிறார்.

டீச்சர் என்னை உட்காரும்படி கையைக் காட்டினார்.

"ஏன் விடல அண்ணாச்சி?"

"சாட்சி. கலைஞ்சிடக் கூடாதுன்னு..."

"நினைவகத்தப் படி எடுத்து வச்சிட்டு விடலாமே."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏன் விடல?"

"விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? முதல்ல மணி பாக்கும். நாலு நாள் போயிடுச்சுன்னு அதுக்குத் தெரியும். அரை மணிக்கு மேல பழைய செய்தின்னா தள்ளாது. காலம் கடந்தது, அனுப்பவில்லைன்னு எழுதிட்டு எறிஞ்சிடும்." அவர் திரையில் நின்ற நேரத்தைக் காட்டினார். "இப்ப அதுக்குள்ள மணி ரெண்டு அம்பத்திரண்டு டீச்சர். அதுக்குள்ள அவன் இப்பதான் அமுக்கியிருக்கான். ஆறு பேரும் இருக்காங்க. உலகத்துல இந்த ஒரு இடத்துலதான் இருக்காங்க. இதையும் நான் விட்டுட்டா?"

டீச்சர் திரையைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அதுவும் காரணம்தான்," என்றார். "ஆனா முழுக் காரணம் இல்ல."

ததேயு குனிந்துகொண்டார்.

"எழுதினத எங்க அனுப்பும்?"

"துறைமுகத்துக்கு. அவங்க ஊர் மாதா கோயில் அலுவலகத்துக்கு."

"அதான் விடல."

"ஆமா டீச்சர்." அவர் அழுதார். "எங்க ஊருக்குப் பக்கத்து ஊரு. ஒரே கோயில் திருவிழாவுல ஒண்ணாச் சாப்பிட்டிருக்கோம். எந்த முகத்த வச்சிக்கிட்டு?"

"உங்க பங்கு அவ்வளவுதானா அண்ணாச்சி? மிச்சத்தையும் கேளுங்க. காவல் நிரல் தட்டிப் பதில் வரலைன்னா கொன்னுட்டுப் புதுசா எழுப்பணும். ஏன் கொல்லல?"

"தெரியல."

"பிடிச்சு வச்ச நிரலா இருந்தா கொல்லாதேன்னு அதுல ஒரு வரி இருக்கு. போன வருஷம் நான் எழுதினது." டீச்சரின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "ஒரு மனுஷன் கிட்ட உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கான், அப்ப அது பத்திரமாத்தான் இருக்கும்னு நெனச்சு எழுதினேன்."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படி நான் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் எந்தப் பிழை வந்தாலும் இந்த அம்மாவிடம் போனால் தீரும் என்று நம்பியிருந்தேன்.

ததேயு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "பிடிச்சவன் இல்லாமப் போயிட்டா டீச்சர்? அப்ப நிரல் என்ன ஆகும்?"

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. டீச்சருக்கு உடனே உறைத்துவிட்டது. நாற்காலியை இழுத்து அவர் முழங்காலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"கெர்னல் அத விட்டுடும். அது ஓடும். எழுத வேண்டியத எழுதும். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆனா கீழ இருக்கிறவங்க கேக்கிறப்ப பதில் சொல்ல ஆள் இருக்காது. அந்தப் பேச்ச இதோட விடுங்க. வீட்ல அக்காவுக்கு நான் இப்ப போன் போடுறேன், வந்து கூட இருக்கட்டும். நானும் இங்கதான் இருப்பேன். உங்கள எங்கயும் தனியா விட மாட்டேன்."

சொன்னபடி எங்கள் முன்னாலேயே ததேயுவின் மனைவிக்குப் போன் போட்டார். வைத்ததும் என்னைப் பார்த்தார்.

"கீழ போய் அவங்களக் கூட்டிட்டு வாங்க."

"டீச்சர்!" என்று ததேயு எழுந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

நான் போய்க் கூட்டிவந்தேன். கிளாரிக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை. அதில் தம்பியின் போட்டோ, பெட்டிக்கு நாங்கள் கொடுத்த ரசீது. யாராவது கேட்டால் காட்டலாம் என்று கொண்டு வந்திருக்கிறார். இரண்டு நாளில் யாரும் கேட்கவில்லை.

டீச்சர் அவரை ததேயுவின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

கிளாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு உங்க மிஷின் சங்கதியெல்லாம் தெரியாது. ஊர்ல நரம்பில்லாத நாக்க வச்சிக்கிட்டு என்னென்னமோ சொல்லுகாவ. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எந்தம்பி அமுக்குனானா?"

ததேயு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமுக்குனான் அக்கா," என்றார் ததேயு. வயதில் கிளாரி சின்னவர்தான். அக்கா என்றுதான் வாயில் வந்தது. "செய்தி வந்துது. நான்தான் இந்த எந்திரத்த நிறுத்தி வச்சிருந்தேன். அதனால போய்ச் சேரல. குத்தம் அவன்மேல இல்ல. என்மேல."

"என்மேலயும்," என்றார் டீச்சர்.

கிளாரி அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, "அமுக்குனானாக்கும்," என்று மட்டும் சொன்னார். "எனக்குத் தெரியும். அமுக்காம இருக்க மாட்டான். அவன் குடிக்க மாட்டான் சார். கர்த்தர் சாட்சியா அவன் குடிக்க மாட்டான்."

"இத எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுதி வர வைக்கலாம்மா," என்றார் டீச்சர். "அண்ணாச்சி கையிலதான் இருக்கு."

ததேயு விசைப்பலகையில் கை வைத்தார். விடு என்ற ஒரு சொல்லைத் தட்ட அவருக்கு மூன்று முறை தப்பியது. நாலாவது முறை சரியாக விழுந்தது.

நிரல் ஓடத் தொடங்கியது. மணி பார்த்தது. திரையில் ஒரு வரி வந்தது.

சேசடிமை பெட்டி. செவ்வாய், 2.52. அபாயம். காலம் கடந்தது. அனுப்பவில்லை.

ததேயு நீளமாக மூச்சு விட்டார். முடிந்தது என்று நினைத்திருப்பார். நானும் நினைத்தேன்.

அடுத்த வரி வந்தது. 2.55. அபாயம். காலம் கடந்தது. அனுப்பவில்லை.

அடுத்தது 2.59. அடுத்தது 3.04. 3.12. 3.20. வரிக்கு மேல் வரியாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. ததேயு நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, திரையைக் கையால் மறைக்கப் போனார். மறைத்தால் நிற்குமா? 4.06. 4.31. 4.48. 5.09.

ஐந்து பத்துக்கு மேலும் வந்தது. கடைசி வரி 5.31. அதோடு நின்றது. நான் எண்ணினேன். இருபத்து மூன்று.

"இதெல்லாம் எங்க இருந்துது?" ததேயுவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் உள்ள முழுக்கப் பாத்தேனே டீச்சர். ஒண்ணுதான் இருந்துது. ஒரு தடவதான் அமுக்கினான், அப்பவே போயிட்டான்னுல்ல நெனச்சேன்."

"நிரலுக்குள்ள இல்ல. நிரல் நின்னுபோச்சு, அது வாங்கவே இல்ல. வாசல்ல கெர்னல் வாங்கி அடுக்கி வச்சிருந்துது. நிரல் நின்னாலும் அதுக்கு வர்றதக் கெர்னல் வாங்கும்."

"அஞ்சு முப்பத்தொண்ணு வரைக்குமா?"

"ஆமா."

"அஞ்சு முப்பத்தொண்ணு வரைக்கும் அவன் இருந்திருக்கான்." ததேயு தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார். "நான் எப்ப விட்டிருந்தாலும்... நாலு மணிக்கு விட்டிருந்தாக்கூட... வீட்டுக்குக் கிளம்பறப்ப விட்டிருந்தாக்கூட..."

டீச்சர் இல்லை என்று சொல்லவில்லை.

"ஆனா பெட்டி ஏன் அடுத்த எந்திரத்துக்குப் போகல?" என்றார் ததேயு. " ஒண்ணு போனா அடுத்ததத் தேடிப் போகணுமே. அதுக்குத்தானே ரெண்டு வச்சோம்?"

"பதில் வரலைன்னாத்தான் தேடிப் போகும். இது செத்திருந்தா பதில் வந்திருக்காது, போயிருக்கும். இது சாகலையே அண்ணாச்சி. நின்னுதான போச்சு. நின்னுபோன நிரலுக்காகவும் கெர்னல் வாங்கினேன், வாங்கினேன்னு பதில் சொல்லிக்கிட்டே இருக்கும். படிச்சேன்னு அர்த்தம் இல்ல. வாங்கினேன். அவ்வளவுதான்."

கிளாரி அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்களை மட்டும் வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார். இப்போது திரும்பினார்.

"இங்க வாங்கினேன்னு சொன்னா அங்க பெட்டியில பச்ச லைட்டு எரியும். பெட்டி மாட்டுன அன்னைக்கு இந்த சார்தான் கடக்கரையில நின்னு எல்லாருக்கும் சொன்னாரு. பச்ச எரிஞ்சா நாங்க கேட்டாச்சு, ஆள் வந்துக்கிட்டு இருக்கு, படக விட்டு யாரும் இறங்கி நீந்தக் கூடாது, அங்கயே இருங்கன்னு." அவர் ததேயுவைப் பார்க்கவில்லை. டீச்சரைத்தான் பார்த்துக் கேட்டார். "அன்னைக்கு அது எரிஞ்சிருக்குமா?"

ததேயு, வேண்டாம் என்பது போலக் கையைத் தூக்கினார்.

டீச்சர் வந்து கிளாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"எரிஞ்சிருக்கும்மா," என்றார். "இருபத்து மூணு தடவையும்."